ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு போன்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ராமநாதபுரம் வெளிநாடு. பாஸ்போர்ட் மட்டும்தான் தேவையில்லை. நான் அங்கே போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பெரிய பாட்டில்களில் சிறுவாணித் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். அங்கே தண்ணீர் உப்புக் கரிக்கும் என்றார். அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. ஆனால் தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எல்லா ஊரைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு.

ராமேஸ்வரம் போகிறவர்கள் பாவத்தைக் கழுவப் போவார்கள். நான் போனது வசூல் விஷயமாக.

எங்கள் கம்பெனி செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். சரக்கு போய்ச் சேர்ந்துவிடும், பில்லும் போய்ச் சேர்ந்துவிடும், பணம் மட்டும் வராது. இது எந்தத் தொழிலிலும் உள்ளதுதான். முன்பெல்லாம் இதற்கென்று ஒரு ஆள் இருப்பார். நாள் முழுக்கப் போன் போட்டுக் கேட்பார். நாளடைவில் அவருக்கே கேட்கக் கூச்சமாகிவிடும், அல்லது பாக்கிக்காரருக்கே நண்பராகிவிடுவார். இப்போது அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவு செய்கிறது. யார் இழுத்தடிப்பார்கள் என்று முன்கூட்டியே கணிக்கும். எந்த நேரத்தில், யாரிடம் கேட்டால் பணம் வரும் என்பதைத் தானே கற்றுக்கொள்ளும். பிறகு கடை முதலாளியின் குரலிலேயே போன் போட்டுக் கேட்கும். முதலாளி செய்தித்தாளில் ஒரு பக்கத்தை வாசித்துப் பதிவு செய்து அனுப்பினால் போதும், குரல் தயார்.

பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த பாக்கிகள் எங்கள் இயந்திரம் போன பிறகு கேட்ட அன்றைக்கே வந்தன. அவ்வளவு வேகமாகத் திருப்பூரிலோ சிவகாசியிலோகூட எவரும் பணம் கட்டியதில்லை. எங்கள் மேலாளர் அந்த வசூல் ஏறிய பச்சை வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துக் கூட்ட அறையில் மாட்டிவைத்தார். அப்போதுதான் ஐஸ் கம்பெனி முதலாளி கோட்டைச்சாமி எனக்குப் போன் செய்தார். வாடிக்கையாளர் குறைகளைக் கேட்பது என் பிரிவு.

"பணம் வருது மேடம். ஆளுதான் வரல."

அவரிடம் ஐஸ் எடுத்துக்கொண்டிருந்த படகுகள் ஒவ்வொன்றாக வேறு இடத்துக்குப் போய்விட்டன. காரணத்தை யாரும் சொல்லவில்லை. குடும்பத்து மிளகாய்க் காட்டை அடமானம் வைத்து வாங்கிய கம்பெனி அது. இப்படியே போனால் கம்பெனியை மூட வேண்டும், காடும் போய்விடும் என்றார். குரலில் அழுகையெல்லாம் இல்லை. மழை வராது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

மேலாளர் என்னை நேரில் போய்ப் பார்க்கச் சொன்னார். போகிற போக்கில் எங்கள் இயந்திரத்தைக் கோட்டைச்சாமி பாராட்டிப் பேசுவதாக ஒரு வீடியோவும் எடுத்துவரச் சொன்னார். இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்தால் செலவு மிச்சமாம்.

முதல் நாள்

ராமநாதபுரத்தில் ஏறிய பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு வலை மூட்டை உட்கார்ந்திருந்தது. அதன் சொந்தக்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு உட்காரலாமே என்றேன். வலைக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கியாகிவிட்டதாம், தனக்குத்தான் இன்னும் வாங்கவில்லையாம். கண்டக்டர் அதை மறுக்கவில்லை. உச்சிப்புளி தாண்டும்போது தலைக்கு மேல் கடற்படை விமானம் ஒன்று தாழப் பறந்தது. பஸ்ஸில் நான் மட்டும்தான் குனிந்தேன்.

பாம்பன் பாலத்தில் பஸ் நின்றது. முன்னால் சுற்றுலா வேன்களை நிறுத்திவிட்டு ஜனங்கள் கீழே ரயில் பாலத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரயில் எதுவும் வரவில்லை. வரும் என்று யாரும் சொல்லவும் இல்லை. எங்கள் டிரைவரும் இறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தார். தினமும் ஓட்டுகிறவர் என்ன பார்க்கிறார் என்று கண்டக்டரைக் கேட்டேன். "நெதமும் வேற மாதிரி இருக்கும்மா" என்றார். ஜன்னல் வழியாக வந்த காற்று என் துப்பட்டாவைக் கொண்டுபோய் வலைக்காரர் முகத்தில் போட்டது. அவர் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் மீன் வாசம் ஏறிவிட்டது. ஊர் திரும்பும்வரை அது போகவில்லை.

கோட்டைச்சாமி அந்த வெயிலில் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். குளிர் அறைக்குள் போய்ப் போய்வருவதால் நிரந்தரச் சளி. உச்சிப்புளிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்துக்காரர். ஐஸ் கம்பெனி வாங்கி வருஷங்கள் ஆகியும் ஒருமுறைகூடப் படகில் ஏறியதில்லை. "தண்ணின்னா எனக்குப் பயம் மேடம். ஐஸுன்னா பரவால்ல. வச்ச எடத்துல இருக்கும்."

ஐஸ் வியாபாரத்தின் கணக்கை விளக்கினார். படகு கடலுக்குக் கிளம்பும்போது ஐஸ் ஏற்றும். அப்போது யாரும் பணம் தரமாட்டார்கள். திரும்பி வந்து, மீனை விற்று, டீசலுக்குக் கொடுத்து, ஆட்களுக்குக் கொடுத்து, மிச்சம் இருந்தால் ஐஸுக்கு. மீன் படவில்லையென்றால் அடுத்த தடவை. சம்மாட்டிகள், அதாவது படகின் சொந்தக்காரர்கள், எல்லாரும் நல்லவர்கள்தானாம். முகத்தைப் பார்த்தால் இவருக்குக் கேட்க வராதாம். அதனால்தான் இயந்திரம்.

பேசிக்கொண்டிருக்கும்போது மூலையில் இருந்த வயர்லெஸ் பெட்டி கரகரத்தது. யாரோ யாரையோ பாட்டுப் பாடச் சொன்னார்கள். ஐஸ் கம்பெனியில் எதற்கு வயர்லெஸ் என்று கேட்டேன். ஐஸ் மோட்டார் ஓடுகிற இடத்தில் எந்நேரமும் ஒரு ஆள் விழித்திருப்பார், அதனால் கடலில் ஏதாவது என்றால் படகுக்காரர்கள் இங்கேதான் சொல்லுவார்கள், இவர் அவர்கள் வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிடுவார். பழைய முதலாளி காலத்து வழக்கமாம். கம்பெனியோடு சேர்ந்து அதுவும் இவருக்கு வந்துவிட்டது. அதற்காக எல்லாப் படகுக்காரர்களின் வீட்டு நம்பரும் வைத்திருந்தார். எங்களுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பியபோது அதையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். விவரம் கூடக் கூட நல்லது என்று எங்கள் ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள்.

லாட்ஜில் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா சொன்னது சரிதான்.

இரண்டாம் நாள்

காலையில் தெற்குவாடிக் கரைக்குப் போனேன். கோட்டைச்சாமியை விட்டுப்போன சம்மாட்டிகளைத் தேடிப் பிடித்துக் காரணம் கேட்பது திட்டம். எங்கள் ஊரில் வாடிக்கையாளர் ஒருவர் விட்டுப்போனால் காரணத்தை அவரே கூப்பிட்டுச் சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார். இங்கே ஒவ்வொருவரும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். கோட்டைச்சாமி தங்கமான மனுஷன் என்றார்கள். அப்புறம் ஏன் என்றால், மற்ற இடத்தில் ஐஸ் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதாம். ஐஸில் கெட்டி, இளக்கம் உண்டா என்று கேட்டதற்கு இன்னொரு டீ வந்தது.

டீயினாலேயே வயிறு நிரம்பியிருந்தாலும் மத்தியானம் ஒரு வீட்டின் முன்கூரையில் நடந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். நடத்துகிறவர் பெயர் சகாயராணி. நாற்பதை ஒட்டிய வயது. ஊளி மீன் குழம்பும் திருக்கைப் புட்டும் போட்டார். கோயம்புத்தூர்க்காரி மீன் சாப்பிடுவதை அவர் சிறிது நேரம் பார்த்தார், பிறகு பொறுக்க முடியாமல் என் தட்டைத் தன் பக்கம் இழுத்து முள்ளை எடுத்துக் கொடுத்தார். புருஷன் அருளப்பன் 'ஆரோக்கியமாதா' என்கிற படகின் சம்மாட்டி. தானே ஓட்டவும் செய்கிறார். தங்கல் போயிருக்கிறார் என்றார். கடலிலேயே இரண்டு மூன்று நாள் தங்கி மீன் பிடிப்பது தங்கல். முந்தின நாள்தான் கோட்டைச்சாமியிடம் ஐஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

அப்போது சகாயராணியின் போன் அடித்தது.

அவர் எடுக்கவில்லை. அரிசிச் சாக்கின் மேல் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பேரும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்கள். ஒருவர் கையைத் தட்டுக்கு வெளியே எடுத்து வைத்துக்கொண்டார். சகாயராணி கையைச் சேலையில் துடைத்தார், நெற்றியில் சிலுவை போட்டார், எடுத்துக் காதில் வைத்தார். சத்தமாக வைத்திருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"வணக்கம், கோட்டைச்சாமி பேசுறேன். ஆரோக்கியமாதா போட்டு விஷயமாக் கூப்பிட்டேன்."

பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தை எனக்குத் தெரியும். மனிதர் பேசுவதுபோல இருக்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் பல வாரங்கள் சோதித்துப் பார்த்து வைத்தது அது. எடுத்த எடுப்பில் பணம் என்று சொன்னால் மரியாதையாக இருக்காது என்பதால் முதல் வாக்கியத்தில் பணப் பேச்சே வராது. பில் படகின் பெயரில் இருந்ததால் இயந்திரம் படகின் பெயரைச் சொன்னது. எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தோம்.

மௌனம் முடிந்து, ஐஸ் பாக்கி இவ்வளவு என்று குரல் சொன்னது. சகாயராணி அரிசிச் சாக்கின் மேலேயே உட்கார்ந்தார். கடையில் மெல்லும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அவர் உட்கார்ந்தபடியே போனில் பணத்தை அனுப்பினார். நான் மேசைக்குக் கீழே என் போனில் எங்கள் கம்பெனியின் வசூல் பட்டியலைப் பார்த்தேன். ஆரோக்கியமாதா பச்சையாகி, பக்கத்தில் 'மிக விரைவு' என்று ஒரு நட்சத்திரம் வந்திருந்தது.

புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வாயால் கேட்டேன்.

"அவுக கூப்பிட்டா ரெண்டே சங்கதிதான் மேடம்" என்றார் சகாயராணி. "போட்டுக்கு ஏதாச்சும் ஆயிருக்கும். இல்லன்னா இலங்கை நேவிக்காரக ஆளப் புடிச்சிட்டுப் போயிருப்பாக. எங்கம்மாவுக்கும் அந்த எடத்துல இருந்துதான் போனு வந்துச்சு."

ஒவ்வொரு தங்கலுக்கும் இப்படி ஒரு தடவை வருகிறதாம். பணம்தான் என்று தெரியும், ஆனாலும் இந்தத் தடவை பணமாக இல்லாவிட்டால்? மற்றப் பெண்கள் புருஷன்மாரிடம் அங்கே ஐஸே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இவர் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஏன் யாரும் கோட்டைச்சாமியிடம் சொல்லவில்லை என்றேன்.

"கேட்டது தப்புன்னு எப்புடிச் சொல்றது? கடன் நம்மளுதுதான."

பேசியது கோட்டைச்சாமி இல்லை, மெஷின், நான் அந்த மெஷின் கம்பெனியிலிருந்துதான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன். சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் முள் எடுத்துக் கொடுத்திருக்கிறாரே. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரசம் ஊற்றினார். சாப்பிடுகிறவர்களை ஏசுவது வழக்கமில்லை என்றார். அவமானத்தை அன்றைக்கு ரசத்தோடு சேர்த்துச் சாப்பிட்டேன்.

இயந்திரம் எப்படிக் கற்றுக்கொண்டது என்பது இப்போது சுலபமாகத் தெரிந்தது. ஐஸ் பில் போடுவது படகு கிளம்பும்போது. ஆகவே முதல் போன் போகும்போது படகு எப்போதும் கடலில் இருக்கும். சம்மாட்டியின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. அடுத்த நம்பர் வீடு. வீட்டில் உடனே பணம் வந்தது. புருஷன் கடலில் இருக்கும்போது வீட்டுக்குப் போன் செய்தால் இன்னும் வேகமாக வந்தது. அதை இயந்திரம் தன் பெரிய கண்டுபிடிப்பாக எடுத்துக்கொண்டு, அப்புறம் வேறு நேரத்தில் கேட்பதையே நிறுத்திவிட்டது. பயந்தவர்கள் சீக்கிரம் கட்டுவார்கள் என்பதை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சாயங்காலம் கோட்டைச்சாமியிடம் சொன்னேன். அந்தக் குரல் பேசுவதை அவர் அதுவரை கேட்டதே இல்லை. போட்டுக் காட்டினேன். மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நானேதான் மேடம்" என்றார். "நான் எழவு சொல்றப்ப இப்புடித்தான் நிப்பாட்டுவேன்."

மப்ளரை மறுபடி கழுத்தில் சுற்றிக்கொண்டார். பிறகு, மின்சாரக் கட்டணம் கட்டுகிற வாரம் இது, இந்த ஒரு வாரம் மட்டும் ஓடட்டுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்றார். அப்புறம் மறுபடியும், நிறுத்தினால் பணம் எப்படி வரும் என்றார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். மோட்டாரை நிறுத்தினால் ஐஸ் தண்ணீராகிவிடும், தண்ணீரை யாரும் கடனுக்குக்கூட வாங்க மாட்டார்கள். கடைசியில் நிறுத்தச் சொன்னார்.

கோயம்புத்தூருக்குப் பேசினேன். மேலாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "வசூல் நல்லாத்தானுங்க வருது, அத எதுக்குங்க நோண்டறீங்க" என்றார். விவரமாக எழுதி அனுப்பச் சொன்னார். வாரக் கடைசியில் பார்க்கலாமாம். வீடியோ எடுத்தாகிவிட்டதா என்றும் கேட்டார்.

மூன்றாம் நாள்

எழுதி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில், இவ்வளவு தூரம் வந்து கோயிலுக்குப் போகாமல் போவதா என்று கோட்டைச்சாமி என்னை ராமேஸ்வரத்துக்கு அனுப்பிவைத்தார். கோயில் தீர்த்தக் கிணறுகளில் ஒருவர் வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றினார். என் கைப்பையையும் ஒரு பாவமாக நினைத்துவிட்டார் போல, அதற்கும் சேர்த்தே ஊற்றினார். சொட்டச் சொட்ட நனைந்த ஏழெட்டுப் பேரோடு ஒரு ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். டிரைவர் எல்லாரிடமும் ஈரத்துக்குத் தனியாகக் கேட்டார். காசியிலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும் இந்தியில் சண்டை போட்டார். என்ன சொல்கிறார் என்று டிரைவரைக் கேட்டேன். புண்ணியத்துக்கு வாடகை கேட்கிறானே என்று ஏசுகிறார் என்று சிரித்தபடி மொழிபெயர்த்தார்.

ஐஸ் கம்பெனிக்குள் நுழைந்தபோது கோட்டைச்சாமி வயர்லெஸ் பெட்டியின் மேல் கவிழ்ந்து நின்றிருந்தார். வேறொரு படகிலிருந்து சேதி. ஆரோக்கியமாதாவின் எஞ்சின் நின்றுவிட்டது, அடியில் தண்ணீர் ஏறுகிறது, நீரோட்டம் படகை எல்லைப் பக்கமாக இழுக்கிறது. ஆட்கள் பத்திரமாக இருக்கிறார்கள். சேதி சொன்ன படகு சிறியது, இழுத்து வர அதனால் ஆகாது. அருளப்பனின் தம்பி படகு கரையில்தான் கிடக்கிறது, அவரை உடனே கிளப்புங்கள்.

தம்பியின் நம்பர் இவரிடம் இல்லை. சகாயராணிக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"கோட்டைச்சாமி பேசுறேன் தாயி. ஆரோக்கியமாதா போட்டு விஷயமா..." என்றார். பழக்கதோஷத்தில் நிறுத்தினார்.

"நேத்தே கட்டிட்டேன்" என்று சொல்லி சகாயராணி வைத்துவிட்டார்.

மறுபடி போட்டார். எடுக்கவில்லை. என் போனிலிருந்து போடப் பார்த்தோம். தீர்த்தத் தண்ணீர் போயிருந்ததால் அது சத்தமே இல்லாமல் இருண்டு கிடந்தது. கோட்டைச்சாமி மொபெட்டை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். சந்துகளில் காயப் போட்டிருந்த வலைகளின் மேலேயே ஓட்டினார். யாரும் திட்டவில்லை. அந்த வேகத்தைப் பார்த்தே வழிவிட்டார்கள்.

சகாயராணி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கோட்டைச்சாமியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. ஈரக் கையோடு இடுப்பிலிருந்து போனை எடுத்து, பணம் போனதைக் காட்டத் திரையைத் தேய்த்தார். மெஷின் போதாது என்று ஆளே வந்துவிட்டாரே என்கிற கோபம் அந்தத் தேய்ப்பில் தெரிந்தது.

"பணத்துக்கு வரல தாயி" என்றார் கோட்டைச்சாமி.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதைவிடக் கொடுமையான வாக்கியத்தை நான் இதுவரை கேட்டதில்லை. சகாயராணி கழுவிய பாத்திரங்களுக்கு நடுவே அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஆள் நன்றாக இருக்கிறார், எஞ்சின்தான், எஞ்சின்தான் என்று கோட்டைச்சாமி பலமுறை சொன்னார். அது அவர் காதில் ஏறவே இல்லை. கடைசியில் நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கி, உங்கள் கொழுந்தன் எங்கே, படகு எடுக்க வேண்டும் என்று கத்தினேன். ஒரு வேலை சொன்னதும் எழுந்துவிட்டார். செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

கொழுந்தன் படகு கிளம்பியதும் கரையில் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் வீடுகளுக்கு எங்கள் இயந்திரம் போன் செய்திருக்கிறது. காத்திருக்கிற நேரத்தில் அவர்கள் கோட்டைச்சாமியிடம் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி போன் வந்தபோது கைக்குழந்தையைக் கீழே விட்டுவிட்டதைச் சொன்னாள். இன்னொருத்தி அன்றிலிருந்து மாமியாரின் கையில் போனையே கொடுப்பதில்லை என்றாள். சகாயராணியைப் போலத் தானும் நாளைக்கு உண்மையான போனை வைத்துவிடக் கூடும் என்று ஒருத்தி சொன்னாள். கோட்டைச்சாமி கைகட்டி நின்று கேட்டார். எனக்கு அந்த இடத்திலிருந்து ஓடிப்போக வேண்டும்போல இருந்தது. இது என் வேலை என்பதால் நின்றேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு படகுகளும் வந்தன. ஒன்று இழுத்தது, ஒன்று ஒருபக்கமாகச் சாய்ந்து வந்தது. அருளப்பன் தோள்வரை கிரீஸோடு இறங்கி, எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சகாயராணி அவரை ஒருமுறை தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு நேராக எங்களிடம் வந்தார்.

"பணத்தக் கேளுங்க. கேக்க வேணாம்னு யாரும் சொல்லல" என்றார். "போட்டு கரைக்கு வந்தப்புறம் கேளுங்க. எடுத்த உடனே ஆளுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. அடுத்த வார்த்தையே பணத்துக்குன்னு சொல்லிருங்க. நிறுத்தி நிறுத்திப் பேசாதீக."

வீட்டு நம்பரை எடுத்துவிடட்டுமா என்று கோட்டைச்சாமி கேட்டார். வேண்டாம், பணம் கொடுப்பது தான்தானே, புருஷனிடம் கேட்டால் அடுத்த மாதம்தான் வரும் என்றார்.

நான்காம் நாள்

மேலாளரிடம் இந்த முறை நான் அனுமதி கேட்கவில்லை. செய்துவிட்டு, கோட்டைச்சாமியின் போனிலிருந்து சொன்னேன். படகு கரை சேர்ந்ததும் கோட்டைச்சாமி ஒரு பொத்தானை அழுத்தினால்தான் இனிமேல் இயந்திரம் வாயைத் திறக்கும். வசூல் மெதுவாகும், அந்தப் பச்சை வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டியிருக்கும் என்றேன். வீடியோவைப் பற்றி அவர் கேட்கவில்லை. சகாயராணி சொல்லிக் கொடுத்த முதல் வாக்கியத்தை எங்கள் ஆட்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மொட்டையாக இருக்கிறதாம். கோட்டைச்சாமியை உட்கார வைத்து அந்த மொட்டை வாக்கியத்தையே பதிவு செய்தேன். நிறுத்தாமல் சொல்ல அவருக்கு ஏழெட்டுத் தடவை ஆயிற்று.

காலையில், முந்தின நாள் கரையில் நின்ற பெண்களின் வீட்டுப் படகுகளில் சில ஐஸ் ஏற்ற வந்தன. எல்லாம் வரவில்லை. மின்சாரக் கட்டணத்துக்கு எப்படியோ புரட்டிவிடலாம், மற்றதை மெதுவாகப் பார்க்கலாம் என்றார் கோட்டைச்சாமி. காடு தப்பிக்குமா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பஸ்ஸுக்கு முன்னால் சகாயராணி கடைக்குச் சாப்பிடப் போனேன். புதிய வாக்கியத்தோடு மெஷினைத் தன் வீட்டுக்கே முதலில் போன் போடவைத்துப் பார்க்கச் சொன்னது அவர்தான். எனக்கு எதிரில் அருளப்பன் குளித்துவிட்டு வந்து இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்ன நேரத்துக்குப் போன் அடித்தது. யார் கூப்பிடுகிறார்கள், என்ன சொல்லப் போகிறார்கள் என்பதெல்லாம் சகாயராணிக்குத் தெரியும். சொல்லிக் கொடுத்ததே அவர்தான். ஆனாலும் போனை எடுப்பதற்கு முன்னால் இன்னொரு கையால் அருளப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆளுக்கு ஒண்ணுமில்ல. பணத்துக்குத்தான் கூப்பிடுறேன். கோட்டைச்சாமி பேசுறேன்" என்றது போன்.

பேசி முடித்து, தானாகவே துண்டித்துக்கொண்ட பிறகும் அவர் சட்டையை விடவில்லை. அருளப்பன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு அப்படியே சாப்பிட்டார்.